கட்டியைச் சுற்றி நடப்பது

வளர்ந்த ஒருவருக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால் திண்டுக்கல்லில் இன்று யாரும் அதிகம் தாமதிப்பதில்லை. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளியோ நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துப் பெண்ணோ, அன்று பொழுது சாய்வதற்குள் டவுனில் ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில் படுத்திருப்பார். படம் கைக்கு வந்துவிடும். “தலையில கட்டி இருக்கு” என்ற செய்தி படம் வந்த கையோடு வீட்டை எட்டிவிடும். எழுபது வருடங்களுக்கு முன் இதே ஊரில் அந்தச் செய்தி வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். பலருக்கு வராமலேயே போனது. தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை, பிறகு படுக்கை. என்ன நோய் என்று தெரியாமலே கதை முடிந்துவிடும்.

செய்தி சீக்கிரம் வருகிறது என்பது ஒரு மாற்றம். அந்தக் கட்டியைப் பார்த்து மருத்துவம் கேட்கும் கேள்வியே மாறியிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய மாற்றம். அன்றைய கேள்வி: எங்கே இருக்கிறது, எடுக்க முடியுமா? இன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: உடம்பு இந்தக் கட்டியை என்ன செய்கிறது, ஏன் விட்டுவைத்திருக்கிறது?

முதலில் அன்றைய நிலை. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவர் சீர்காழியில் பிறந்தவர். தென்னாட்டில் மூளையைத் திறக்கத் தெரிந்த இடங்கள் அப்போது இவ்வளவுதான். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1985இல். மதுரை மருத்துவக் கல்லூரியே 1954இல்தான் வந்தது. ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ. கே. தரியன் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கியது 1955இல். ஆக, தலைக்குள் ஏதோ இருக்கிறது என்று ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டால், நோயாளியை மீட்டர் கேஜ் ரயிலில் விழுப்புரம் வரை கொண்டுபோய், அங்கே வண்டி மாறி, திருவண்ணாமலை வழியாக வேலூருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நேரே சென்னை. வலிப்பு நிற்காத நோயாளியை உடன் வைத்துக்கொண்டு அந்த இரவுகளைக் கடந்த குடும்பங்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

போய்ச் சேர்ந்தாலும் கட்டியைக் கண்ணால் பார்க்க வழியில்லை. மண்டை ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சாதாரண எக்ஸ்ரே காட்டாது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918இல் கண்டுபிடித்த முறைதான் அப்போது கைகொடுத்தது. மண்டை ஓட்டில் துளையிட்டு, மூளையின் நீர் அறைகளில் இருக்கும் திரவத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றும் முறையும் உண்டு. காற்று நிறைந்த அறைகள் படத்தில் தெரியும். அவை எந்தப் பக்கம் நசுங்கி இருக்கின்றன, எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்பதை வைத்துக் கட்டி இருக்கும் இடத்தை ஊகிப்பார்கள். பிறகு நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி. போர்ச்சுகலைச் சேர்ந்த எகாஸ் மோனிஸ் 1927இல் கொண்டுவந்த இரத்தக்குழாய்ப் படம் இன்னொரு வழி. இரண்டுமே கட்டியின் நிழலைத்தான் காட்டின. அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கும்போது அவரிடம் இருந்தது தன் விரல் நுனியின் அனுபவமும் ஓர் ஊகமும் மட்டுமே.

வெளியே எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நம் நாட்டு மருத்துவர்களுக்கு மேலைநாட்டுப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று தெரிந்தது. இங்கே மூளைக்குள் வளர்ந்த கட்டிகளில் கணிசமானவை புற்றே அல்ல. அவை காசநோய்க் கட்டிகள். இந்திய மருத்துவமனைகளின் சில தொகுப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை இவையே. ராமமூர்த்தி இவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே மூளைக்குப் போன கிருமியை நோய் எதிர்ப்பு செல்கள் சூழ்ந்து, அது பரவாதபடி அடைத்துவைத்த உருண்டைதான் அந்தக் கட்டி. அதாவது, ‘கட்டி’ என்று நாம் பயந்த அந்த உருண்டையில் பெரும்பங்கு நம் உடம்பே கட்டிய சுவர். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளியை மருத்துவமனையில் அடைத்துவைக்காமல் வீட்டிலேயே மாத்திரையால் குணமாக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது. பின்னாளில் அதே வகை மருந்துகள் மூளையின் காசநோய்க் கட்டிகளையும் கரைத்தன. பல தலைகள் கத்தியிலிருந்து தப்பின.

1971இல் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளைக்கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குத்தான் அதை எடுத்தார்கள். அந்தக் கருவி நம் மருத்துவமனைகளுக்கு வந்து பரவியபோது புதிய குழப்பம் ஒன்று கிளம்பியது. வலிப்போடு வந்தவர்களின் படங்களில், மூளையின் மேற்பரப்புக்கு அருகே, சின்னஞ்சிறு வளையம் ஒன்று அடிக்கடி தெரிந்தது. காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு அறுவையும் நடந்தது. வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்த வளையங்களை எடுத்துப் பரிசோதித்து, 1989இல் ‘லான்செட்’ இதழில் தெரிவித்தது: இவற்றில் பல, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். மலத்தோடு வெளியேறும் புழு முட்டை, கழுவாத கையிலும் காய்கறியிலும் ஒட்டி வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளைக்குப் போகிறது. ஆகவே பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொடாதவருக்கும் இது வரும். வேலூர் வட்டாரத்தில் பின்னர் வீடு வீடாக நடந்த ஆய்வில், தொடர்ந்து வலிப்பு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவின் தடம் மூளையில் இருந்தது.

இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும் அந்தப் புழு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. உடம்பின் காவல் செல்கள் தன்னை அறியாதபடி மறைந்து, வருடக்கணக்கில் மூளையில் இருந்துவிடும். அது சாகத் தொடங்கும்போதுதான் மறைப்பு கிழிகிறது. நோய் எதிர்ப்பு செல்கள் பாய்ந்து வந்து சூழ்கின்றன. சுற்றிலும் வீக்கம். அப்போதுதான் வலிப்பு வருகிறது. ஸ்கேனில் தெரியும் வளையம் புழு அல்ல, புழுவைச் சுற்றி நடக்கும் சண்டை. சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன, அல்லது சிறு சுண்ணாம்புப் புள்ளியாக எஞ்சுகின்றன. எதை வெட்டாமல் விடலாம் என்பதற்கு ராஜசேகர் வகுத்த அடையாளங்கள் எளியவை: ஒரே ஒரு வளையம், 20 மில்லிமீட்டருக்கு மிகாத அளவு, மூளை ஒரு பக்கம் தள்ளப்படாமை, மண்டைக்குள் அழுத்தம் கூடாமை, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் வளராமை. வலிப்பு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தால் போதும். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளில் எளிய மக்களுக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்டவை மிகக் குறைவு என்றே சொல்வேன். ஒட்டன்சத்திரச் சந்தைக்கு மூட்டை தூக்கும் ஒருவர் தலையில் தையல் இல்லாமல் வேலைக்குத் திரும்புகிறார் என்றால், அதன் பின்னால் வேலூரின் அந்தப் பொறுமை இருக்கிறது.

மூளைக்குள் நோய் எதிர்ப்பு சக்தி வேலை செய்கிறது, கட்டியைக் கரைக்கவும் செய்கிறது என்பதற்கு நம் ஊர் ஸ்கேன் படங்களே சாட்சியாக இருந்தன. ஆனால் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மூளை நோய் எதிர்ப்புக்கு அப்பாற்பட்ட தனி இடம் என்பதே அவற்றின் கொள்கை. 1948இல் பீட்டர் மெடாவர் முயல்களில் செய்த சோதனையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் மூளையில் வைத்தால் உடம்பு அதை நிராகரிக்கவில்லை. இதே சோதனையின் மறுபாதியைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த முயலின் உடம்பில் வேறோரிடத்தில் முன்பே அந்நியத் தோலை ஒட்டியிருந்தால், மூளையில் வைத்த தோலும் அழிந்தது. அதாவது, எதிரியை வெளியே ஒருமுறை அறிந்துகொண்ட செல்கள் மூளைக்குள்ளும் போய்ப் போரிடும். 2015இல் வர்ஜீனியாவில் ஜோனதன் கிப்னிஸ் குழுவும் ஹெல்சிங்கியில் காரி ஆலிட்டலோ குழுவும், மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை எலிகளில் நிறுவிக் காட்டின. மூளையில் நடப்பது கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

அப்படியானால் மூளையின் கொடிய புற்றான கிளியோபிளாஸ்டோமாவை மட்டும் உடம்பு ஏன் விட்டுவைக்கிறது?

புழுவைப் போல அது ஒளிந்து மட்டும் இருப்பதில்லை, காவலர்களையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வெட்டியெடுத்த கிளியோபிளாஸ்டோமாவைப் பிரித்துப் பார்த்தால், சில கட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு செல்களுக்கு மேல் புற்று செல்களே அல்ல. மூளையிலேயே வாழும் மைக்ரோகிளியாவும், இரத்தத்திலிருந்து வந்து சேர்ந்த மேக்ரோஃபேஜ்களும்தான் அவை. கிருமியை விழுங்க வேண்டிய இந்தச் செல்கள், கட்டி சுரக்கும் பொருள்களின் பிடியில் சிக்கி, கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய் வளரவும், கொல்ல வரும் டி செல்கள் சோர்ந்துபோகவும் உதவுகின்றன. அப்படிச் சோர வைக்கும் பொருள்களில் ஒன்றான டி.ஜி.எஃப்-பீட்டாவின் ஒரு வகையை, 1980களில் சூரிச்சில் அத்ரியானோ ஃபொன்தானாவின் குழு கிளியோபிளாஸ்டோமா செல்களிலிருந்துதான் பிரித்தெடுத்தது. 2018இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபெச்சியின் குழு கண்டது இன்னும் திகைக்க வைத்தது. இந்த நோயாளிகளின் இரத்தத்தில் டி செல்கள் குறைவாக இருப்பது ஏன் என்று தேடியபோது, அவை எலும்பு மஜ்ஜைக்குள் அடைபட்டுக் கிடந்தன. வெளியேறத் தேவையான ஓர் ஏற்பி, செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. தலைக்குள் இருக்கும் கட்டி, இடுப்பெலும்பில் இருக்கும் சிப்பாயைக் கட்டிப்போடுகிறது.

இந்த ஆராய்ச்சியில் நமக்கு மிக அருகில் நடந்தது பெங்களூரில். நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் பேராசிரியர் வாணி சந்தோஷ், அதே மருத்துவமனையின் நரம்பு அறுவை மருத்துவர் அரிவழகன், இந்திய அறிவியல் கழகத்தின் குமாரவேல் சோமசுந்தரம் ஆகியோர் அடங்கிய குழு, ஒரே மாதிரியான சிகிச்சை பெற்ற கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் கட்டித் திசுக்களை எடுத்து, அவற்றில் எந்தெந்த மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்று அளந்தது. 2013இல் வெளிவந்த அந்த ஆய்வு, 14 மரபணுக்களை வைத்து நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. சீக்கிரம் இறந்துபோகும் அபாயம் அதிகமுள்ள பிரிவில் ஓங்கி நின்றது எது தெரியுமா? நோய் எதிர்ப்புத் துலங்கல் தொடர்பான மரபணுக்கள்தான்.

எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே என்று நினைக்கும் எவருக்கும் இந்த முடிவு முதலில் புரியாது. எனக்கும் இதை இரண்டு மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. கட்டிக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் நிறைய இருக்கின்றன என்பது, அவை நம் பக்கம் இருக்கின்றன என்பதற்குச் சான்றாகாது. காசநோய்க் கட்டியில் சுவர் எழுப்பும் அதே மேக்ரோஃபேஜ் குடும்பம், இங்கே எதிரிக்குச் சோறு போடுகிறது. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ கஷாயம், மாவு, மாத்திரை என்று நோயாளிகளின் வீட்டுக்கு வந்து விற்பவர்களுக்குக் காசைக் கொடுக்கும் முன் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே சிக்கல் சக்தியின் அளவில் மட்டும் இல்லை, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

இந்தப் புரிதல் சிகிச்சையாக மாறியதா? மெதுவாக, பல தோல்விகளோடு. ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு, டி செல்லின் ‘பிரேக்’கை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்தது. தோல் புற்றில் அற்புதம் செய்த அந்த மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப், மீண்டும் வந்த கிளியோபிளாஸ்டோமாவில் 369 பேரிடம் சோதிக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.8 மாதம், பழைய மருந்தைப் பெற்றவர்களுக்கு 10 மாதம். பெரும் நம்பிக்கையோடு சோதிக்கப்பட்ட ரிண்டோபெபிமட் என்ற தடுப்பூசியும் 2016இல் கைவிடப்பட்டது. ஆனால் 2019இல் கலிஃபோர்னியாவிலிருந்து திமதி க்லௌசியின் குழு வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று வேறொரு பாதையைக் காட்டியது. அதே வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்தை அறுவைக்குப் பிறகு மட்டும் கொடுக்காமல், கட்டி உள்ளே இருக்கும்போதே ஒரு தவணை கொடுத்தார்கள். மொத்தம் 35 பேர்தான். முன்கூட்டியே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 417 நாள், மற்றவர்களுக்கு 228.5 நாள். டி செல்கள் எதிரியின் முகத்தைப் பார்க்கக் கட்டி உள்ளே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் தர்க்கம். இன்னும் பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்தாக வேண்டும். மெடாவரின் முயல்கள் சொன்ன அந்த மறுபாதியைத்தான் இது எனக்கு நினைவூட்டுகிறது.

நோயாளியின் டி செல்களையே எடுத்து, கட்டியை அடையாளம் காணும்படி மாற்றி, மூளை நீர் அறைக்குள் செலுத்தும் கார்-டி சிகிச்சை இன்னொரு வழி. 2016இல் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் ஒருவருக்கு மூளையிலும் முதுகுத்தண்டிலும் இருந்த கட்டிகள் மறைந்து, ஏழரை மாதம் தலைகாட்டாமல் இருந்தன. 2024 மார்ச்சில் பாஸ்டனில் மூவருக்குச் சில நாள்களிலேயே கட்டி சுருங்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சுருக்கம் நிலைக்கவில்லை. இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சை. அது இரத்தப் புற்றுக்கானது, மூளைக்கட்டிக்கானது அல்ல. ஆனாலும் அந்த செல்களை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே தயாரிக்கத் தெரிந்த கைகள் நம் நாட்டில் உருவாகிவிட்டன.

இனி, இன்றைய திண்டுக்கல். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லினுடையதும் ஒன்று. மூளை அறுவைக்கு இப்போது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ அங்குள்ள தனியார் மருத்துவமனைக்கோ போனால் போதும். அறுபது சொச்சம் கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. காப்பீட்டு அட்டை இருக்கிறது. அறுவை, பிறகு மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு மாத்திரை. ரோஜர் ஸ்டுப் 2005இல் வெளியிட்ட ஆய்விலிருந்து உலகெங்கும் இதுவே வழக்கம். அந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10லிருந்து 26 ஆனார்கள். இந்த எண்களைக் குடும்பத்தாரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று மருத்துவர்கள் தயங்குவார்கள். மென்மையாக, கேட்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. நிலத்தை விற்பதா, மகளின் கல்யாணத்தை முன்னால் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

திண்டுக்கல்லில் எந்த நோய்க்கும் எழும் கேள்வி ஒன்று இதற்கும் எழுகிறது: “தோல் ஷாப்புத் தண்ணியாலயா டாக்டர்?” தோல் பதனிடும் கழிவு இந்தச் சமவெளியின் கிணறுகளைக் கெடுத்தது உண்மை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மூளைப் புற்றுக்கு உறுதியாக நிறுவப்பட்ட வெளிக்காரணம் அதிக அளவு கதிர்வீச்சு. அதைத் தவிர, சில அபூர்வப் பரம்பரைக் கோளாறுகள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு காரணத்தையும் காட்ட முடியாது. தான் எதையோ தின்றதால், எங்கோ வேலை பார்த்ததால் வந்தது என்று ஒருவர் தன்னையே நொந்துகொள்வதை இந்த உண்மை தடுக்குமானால், அதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

டெக்சாமெத்தசோன் பற்றியும் ஒரு வார்த்தை. 1961இலிருந்து மூளை வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் இந்த ஸ்டீராய்டு, மயங்கிக் கிடந்தவரை ஓரிரு நாளில் எழுந்து உட்கார வைக்கும். உயிர்காக்கும் மருந்து. அதே மருந்து டி செல்களை அடக்கவும் செய்யும். அதனால்தான் நோய் எதிர்ப்புச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் அதன் அளவை முடிந்தவரை குறைக்கப் பார்க்கிறார்கள். அதைக் குறைப்பது மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கட்டியை வெட்டியெடுக்கும் வசதி மதுரை வரை நெருங்கி வந்துவிட்டது. கட்டியைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்கும் வசதி இன்னும் தொலைவில் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சிகிச்சைகளின் பெரிய சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளிடம் நடந்தவை. இந்தச் சமவெளியில் வளர்ந்தவரின் எதிர்ப்பு செல்கள் காசநோய்க் கிருமியோடும் புழுக்களோடும் வேறுவிதமான வாழ்க்கை வாழ்ந்தவை. அவை கட்டிக்கு முன்னால் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இங்குள்ளவர்களின் திசுவில் பார்த்தால்தான் தெரியும். வேலூரின் வளையங்களுக்கு விடை லண்டனில் கிடைக்கவில்லை, வேலூரின் நோயாளிகளிடம்தான் கிடைத்தது.

அதற்குத் தேவையான முதல் பொருள், அறுவை அரங்கில் ஏற்கனவே கையில் இருக்கிறது. எடுத்த கட்டியின் ஒரு துண்டு மெழுகில் பதிக்கப்பட்டு சதைப் பரிசோதனைக்குப் போகும். அதில் கட்டியின் வகை தெரியும். ஐ.டி.எச். மரபணு மாற்றம் இருக்கிறதா, டெமோசோலமைடு எவ்வளவு கைகொடுக்கும் என்பதைக் காட்டும் எம்.ஜி.எம்.டி. நிலை என்ன என்பதும் அதிலேயே தெரியும். இந்த இரண்டையும் குடும்பத்தார் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் டி செல்லும் மேக்ரோஃபேஜும் உயிரோடு என்ன செய்துகொண்டிருந்தன என்பதை முழுமையாக அறிய மெழுகுத் துண்டு போதாது. எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய், செல் செல்லாகப் பிரிக்க வேண்டும். அல்லது உடனே உறைய வைத்து மைனஸ் 80 டிகிரியில் சேமிக்க வேண்டும். நிம்ஹான்ஸ் 1995இலிருந்து மூளைத் திசு வங்கி ஒன்றை நடத்திவருகிறது. அதைப் போல ஒன்று மதுரையில் அமைந்து, திண்டுக்கல், தேனி, விருதுநகர், இராமநாதபுரம் நோயாளிகளின் திசுக்களை அவர்களின் சம்மதத்தோடு சேர்க்கத் தொடங்க வேண்டும். தேவைப்படுவது ஒரு குளிர்பெட்டி, நிற்காத மின்சாரம், பயிற்சி பெற்ற ஒரு நுட்பர், அறுவைக்கு முந்தைய இரவு நோயாளியின் மனைவியிடமோ மகனிடமோ உட்கார்ந்து, எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தமிழில் நிதானமாகச் சொல்லக்கூடிய ஒருவர்.